நீளப் பாலமும் குட்டைப் பாலமும்

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நம் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தமே தாண்டிப் போய்விட்டது.

நான் செய்து அனுப்பியது இரண்டு குப்பி. இரண்டிலும் ஒரே மாதிரி மூலக்கூறு: ஒரு முனை எலக்ட்ரானைக் கொடுக்கும், மறுமுனை வாங்கிக்கொள்ளும், நடுவில் பாலம். ஒன்றில் பாலம் குட்டை, மற்றதில் நீளம். ஒளி பட்டதும் எலக்ட்ரான் தாவும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். அவை ஒன்றையொன்று காந்தமாக எவ்வளவு உணர்கின்றன என்று அளப்பது உன் வேலை. பாலம் நீண்டால் அது குறைய வேண்டும். நீ கூடுகிறது என்று எழுதி, 'எதிர்பாராத கண்டுபிடிப்பு' என்று மார்தட்டியும் இருக்கிறாய்!

கண்ணை மூடிக்கொண்டா அளந்தாய்? குப்பியை மாற்றிப் போட்டிருக்கிறாய். வரைவு வந்தபோது "நீயே பாத்துக்கோடா" என்று படிக்காமல் விட்ட என் புத்தியைச் சொல்ல வேண்டும். மிச்சமிருப்பதை எடுத்து மூலக்கூறு எடையைப் பார்.

அக்கா

மார்ச் 11

அக்கா,

ஒரு வாரம் வேண்டுமென்றே பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பேன்.

எடை பார்த்தாயிற்று, ஜனவரியிலேயே. 'நீளம்' என்று ஒட்டிய குப்பிக்குள் இருந்தது குட்டை. சீட்டில் இருப்பது உன் கையெழுத்து. உரித்து இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்.

அப்போது கட்டுரை அச்சுக்குப் போகவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் உன் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று உங்கள் துறையில் பேசிக்கொண்டிருந்த மாதம் அது. ஆறு வருஷம் தற்காலிகமாக ஓட்டியவள் நீ. இது வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை உன் கடிதம்.

தம்பி

மார்ச் 15

டேய்,

என் கையெழுத்துதான். குப்பியை மாற்றினாய் என்று உன்னைத் திட்டியதற்கு மன்னித்துவிடு. அது அதோடு முடிந்தது. மற்றதற்கு வருகிறேன்.

என்னைக் காப்பாற்று என்று உன்னிடம் வந்து அழுதேனா? எனக்காக என்கிறாய். ஜனவரிக்கு அப்புறமும் இரண்டு மாநாட்டில் கட்டுரையின் வரைபடத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கினாயே, அதுவும் எனக்காகத்தானா? எங்கேயோ ஒருத்தி நம் கட்டுரையை நம்பி நீளப் பாலங்களாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய ஒரு வருஷத்தை நீ கொடுப்பாயா, நான் கொடுப்பேனா?

இன்று காலை துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "ஏம்மா, இத இப்ப சொல்லியே ஆகணுமா?" என்றார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன் சார்" என்றேன்.

சீட்டு என் பிழை என்று ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். ஜனவரியிலேயே உனக்குத் தெரியும் என்பதை எழுதவில்லை. அது நீ எழுத வேண்டியது. அதுவரை எனக்குக் கடிதம் போடாதே.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

எழுதிவிட்டேன், ஜனவரியையும் சேர்த்து. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். என்னை இங்கே வைத்துக்கொள்வார்களா என்பது மாதக் கடைசியில் தெரியும்.

கைதட்டலைப் பற்றி நீ எழுதியது உண்மை. அதனால்தான் உன் மேல் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இப்போதைக்கு அடங்காது.

பதினெட்டாம் தேதி அளக்கும் கருவியில் எனக்கு முறை இருக்கிறது. அதற்குள் இரண்டு குப்பியையும் புதிதாகச் செய்து அனுப்பு.

தம்பி