மூன்றாம் பதிப்புக்கு முன்

போடிநாயக்கனூர்,
ஆனி 9, ஞாயிறு.

அன்புத் தம்பி முத்துக்கண்ணனுக்கு அக்கா ஜோதி எழுதிக்கொள்வது. கோவையில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் மச்சான் போன மாதம் எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கிறார்.

உன் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. கூடவே அட்டையின் மாதிரியும் அனுப்பியிருக்கிறாய். மச்சான் இளைத்த கதையை மேடையில் இரண்டு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய். பின்னட்டையில் இரண்டாம் பதிப்பில் இருந்த, உன் மச்சானுடைய அதே படங்கள். தொந்தியோடு ஒன்று, இளைத்து ஒன்று. கீழே, 'ஏழே மாதத்தில் பத்தொன்பது கிலோ! சர்க்கரை நார்மல்!' இதற்குப் பதிலைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ பேச ஆரம்பித்தால் நான் அடங்கிப்போய்விடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இப்போது எனக்குப் படிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது. அவருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு வேறு சோலி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தேன். ஒன்று, ஆதிமனிதன் சாப்பாடுதான் நல்லது என்று நீ எழுதிய பேலியோ புத்தகம். இன்னொன்று, லோ கார்ப் என்று மாவுச்சத்தைக் குறைக்கிற முறையைப் பற்றி மதுரை டாக்டர் சூர்யகலா எழுதியது. என் மகள் கார்த்திகா நர்சிங் காலேஜில் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கென்று வாங்கி வந்தாளே, அது.

இரண்டு பேரும் சொல்வதில் பாதி ஒன்றுதான். சீனியை விடு, சோற்றைக் குறை, முட்டையும் கறியும் காயும் வயிறு நிறையச் சாப்பிடு. டாக்டரம்மா தயிர், சுண்டல், ஒரு கரண்டி சோறு வரைக்கும் விடுகிறார். நீ பருப்பைக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்துகிறாய். அது போகட்டும். பேசுகிற தோரணையில்தான் நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு. அந்த அம்மா 'இது எனக்குத் தெரியாது', 'இதற்கு ஆதாரம் போதாது' என்று பதினொரு இடத்தில் எழுதியிருக்கிறார். பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். உன் புத்தகத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. நீ டாக்டர்களை மாத்திரை வியாபாரி என்கிறாய். இட்லி தின்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறாய். 'ஆதிமனிதன் தோசை சுட்டானா?' என்று கேட்கிறாய். உன் மச்சானுக்கு அதுதான் பிடித்தது. டாக்டரம்மா புத்தகத்தை நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இந்தம்மாவுக்கே தெரியலையாம், நமக்கு என்னத்தச் சொல்லப் போவுது? நம்ம மாப்ள எழுதியிருக்கதப் பாரு, ஒரே போடு" என்று அலமாரியில் செருகினார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

நீ பொய் எழுதினாய் என்று சொல்ல மாட்டேன். எடை குறைந்தது. சர்க்கரையும் குறைந்தது. குறைந்ததுதான் வினையாகப் போனது.

மலைக்குப் போகிறவர்கள் பழக்கம் உனக்கு மறந்திருக்காது. வீட்டிலேயே சுகர் மாத்திரையை விழுங்கிவிட்டு ஆறு மணி ஜீப்பில் ஏறுவார்கள். போடிமெட்டு தாண்டித் தோட்டத்துக்குப் போய், ஆட்களை வேலைக்கு விட்டு, பத்து மணிக்குத்தான் தூக்குவாளியைத் திறப்பார்கள். சோறு தின்ற காலத்தில் உடம்பு அதைத் தாங்கியது. இரவில் முட்டை, காலையில் வெண்ணெய் போட்ட டீ என்று ஆன பிறகும் அவர் அதே மாத்திரையை அதே நேரத்துக்குப் போட்டுக்கொண்டுதான் போனார். சோற்றை நிறுத்தச் சொன்ன நீ மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. போனால் டாக்டர் மறுபடி சோறு தின்னச் சொல்வார் என்று நீ கேலி செய்திருந்ததால் டாக்டரிடமும் போகவில்லை. ஆதிமனிதன் சுகர் மாத்திரை போட்டானா என்று நீ ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

அன்றைக்குக் காய் எடுப்பு. ஏலச்செடிகளுக்கு நடுவே நின்றவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியிருக்கிறது. இருபது வருஷமாக நம் தோட்டத்தில் வேலை பார்க்கிற மருதாயி, தன் பாலில்லாக் கட்டஞ்சாயாவில் சீனியை அள்ளிப் போட்டு ஓடி வந்து, "மொதலாளி, ஒரு மடக்குக் குடிங்க, கண்ணு சொருகுது ஒங்களுக்கு" என்று கெஞ்சியிருக்கிறாள். இவர் தட்டிவிட்டார். "சீனி வெசம், எம் மச்சினன் எழுதியிருக்கான்" என்றாராம். பெற்ற தாயே நீட்டினாலும் சீனியைத் தொடாதே என்பது உன் நாலாவது அத்தியாயம். மறுபடியும் வாயருகே கொண்டுபோனபோது பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியவர் அப்படியே சரிவில் சாய்ந்தார். ஜீப் வந்து, அத்தனை வளைவும் இறங்கித் தேனியில் சேர்த்தபோது சர்க்கரை இருபத்து நாலுக்கு இறங்கியிருந்தது. மூளைக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

உனக்கு நான் சொன்னது வேறு. ஈரத்தில் வழுக்கி விழுந்தார், தலையில் அடி என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நீ குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. மருதாயியையும் பேசவிடவில்லை.

போன வாரம் சிலமலைத் திருப்பதி அண்ணன் இவரைப் பார்க்க வந்தார். அவரும் அதே காலை மாத்திரைக்காரர்தான். உன் புத்தகத்தை இரவல் கேட்டார். பின்னட்டையைத் தடவிக்கொண்டு, "மாப்ள விழுகாம இருந்தா இன்னைக்கு எப்படி இருந்திருப்பாரு! நானும் எறங்கிரலாம்னு இருக்கேன் தாயி" என்றார். நடந்ததை முழுவதும் சொன்னேன். டாக்டரம்மா புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன்பே அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், நடுக்கமும் வேர்வையும் வந்தால் உடனே சீனி கொடுங்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார். படித்துவிட்டு அவர் சொன்னது இது: "அப்படி ஒண்ணு இருந்தா ஒந் தம்பி எழுதாமயா விட்டிருக்கும்?" உன் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். படுத்துக் கிடக்கிறவரைக் கண்ணால் பார்த்தும் நான் சொன்னதை நம்பவில்லை. நீ எழுதாமல் விட்டதை நம்புகிறார்.

கார்த்திகா போன மாதம் உன்னிடம் பேசினாளாமே? காரணம் சொல்லாமல், மாத்திரை பற்றி ஒரு வரி சேருங்கள் மாமா என்று கேட்டாளாம். படிக்கிறவன் பயந்துவிடுவான், வேகம் போய்விடும் என்றாயாம். அதைக் கேட்டதும் உன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பின்னட்டையில் அந்தப் படங்களை எடுத்துவிடு. அந்த இடத்தில், அதே பெரிய எழுத்தில், முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருப்பதை எழுது. டாக்டரம்மா சொன்னதாக வேண்டாம், நீயே சொன்னதாக எழுது. இந்தச் சனங்கள் உன் பேச்சைத்தான் கேட்கிறார்கள். எழுதினாயானால் உன் மச்சான் வழுக்கித்தான் விழுந்தார். ஊருக்கு நான் சாகும்வரை அதையே சொல்வேன். திருப்பதி அண்ணனுக்கு மட்டும் இந்த வாரமே நீ போன் போட்டுப் பேசு.

எழுதாவிட்டால் விழாவுக்கு வருகிறேன். அவரையும் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டி வருவேன். இரண்டு வார்த்தை பேச வேண்டிய அவசியமே இருக்காது.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. இத்தனைக்குப் பிறகும் சாமி கும்பிடும்போது உன் பெயர் வாயில் வந்துவிடுகிறது. ஊருக்கு வந்தால் வாசலோடு திரும்பாமல் உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார். அவருக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரியாது. நீ பயப்படாமல் வரலாம்.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்தவள்,
ஜோதி