பிள்ளையார் கழுத்தில் கூட்டுப்புழு

செப். 4, 1986. வியாழன்

வெயில் குறையவில்லை. பள்ளி விட்டு வரும்போது எருக்கங்கொப்பு ஒடித்து வந்தேன், பூவோடு. கையெல்லாம் பால் பிசுக்கு. பூக்கொப்பு வாளியில், புழு இருக்கும் கொப்பு டம்ளரில்.

புழு பிறந்து பதின்மூன்று நாள். கறுப்பும் வெள்ளையுமாக வரி, நடுவே மஞ்சள் பொட்டு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. முட்டையாக இருந்தபோது குண்டூசித் தலை அளவு. பொரிந்ததும் முதலில் தின்றது தன் முட்டை ஓட்டை. அன்றிலிருந்து தீனிதான். ஆடு தொடாத எருக்கு இதற்கு விருந்து. அந்தப் பால் விஷம் உடம்பில் ஏறுவதால் குருவியும் கொத்தாது. கொடுத்து வைத்த ஜென்மம்.

பதினாறு வருஷமாக ஏழாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறேன்: முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி. கூட்டை விட்டு வெளியே வருவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இரண்டு தடவை வளர்த்தேன். ஒன்றில் பூஞ்சணம். இன்னொன்றிலிருந்து குளவி வந்தது! சேசுவே, இந்தத் தடவையாவது.

செப். 5. வெள்ளி

ஆசிரியர் தினம். பேனா நான்கு, ரோஜா பதினொன்று.

வீட்டுக்கு வந்தால் புழுவைக் காணோம். கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், செருப்புக்குள். இல்லை. நாற்பத்திரண்டு வயதில் புழுவுக்கு அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செப். 7. ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்தி. காம்பவுண்டில் ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு களிமண் பிள்ளையார், பொது நடையில். மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு பாண்டியம்மா அக்கா வந்தார். "டீச்சர், கடையில எருக்கம்பூ தீந்துபோச்சு. ஒங்க வாளியில கெடக்குறதக் குடுங்களேன்." கொடுத்தேன். வாழைநாரில் அவரே மாலை கட்டினார்.

மதியம் கொழுக்கட்டை ஆறு வந்தது. ஆறையும் தின்றேன்.

செப். 8. திங்கள்

மாதா பிறந்தநாள். மாலைப் பூசை முடிந்து வந்தேன். நடையில் சும்மா நின்று பார்த்தால் மாலையில் ஒரு மொட்டு மட்டும் வாடவில்லை. பச்சை. அதில் தங்கப் பொட்டு. கூட்டுப்புழு! டம்ளரிலிருந்து இறங்கி வாளிப் பூவுக்குப் போயிருக்கிறது திருடன்.

"மொட்டுன்னுல்ல நெனச்சேன்! பெருசா இருக்கேன்னு நடுவுல வச்சுக் கட்டினேன்" என்று பா. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாளை மூன்றாம் நாள். மாலையோடு பிள்ளையார் கிணற்றுக்கு; சாமி மேல் கிடக்கும் மாலையைக் கழற்றக் கூடாது, கூ.பு.வைப் பிய்த்தால் செத்துவிடும். கூ.பு.வுக்கு இன்னும் ஆறு நாளாவது வேண்டும்.

ஜூனில் மாற்றலாகி வந்ததிலிருந்து இங்கே யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டதில்லை. சிலுவை போடுகிற வேதக்காரி, தனிக்கட்டை, ஒதுங்கி இருப்பதே மரியாதை என்று இருந்தேன். இன்று கேட்டது: என் பூச்சிக்காக உங்கள் சாமியை நிறுத்தி வையுங்கள்.

அக்காவின் வீட்டுக்காரர், பூட்டுப் பட்டறையில் வேலை, சிரித்தார். "பிள்ளையார் பிடிக்கப் போயி டீச்சருக்குப் பூச்சியா முடிஞ்சிருக்கு."

அக்கா யோசித்தார். "ஒத்தப்பட நாளா இருந்தாச் சரி. மூணு இல்லாட்டி ஒம்போது. கெணத்துலயும் தண்ணி முழங்காலுக்குத்தான் கெடக்கு. ஆனா இருக்குற வரைக்கும் தெனம் ஏதாச்சும் படைக்கணும் டீச்சர்."

அப்போதே புதன் படையலை என் பேருக்கு வாங்கிக்கொண்டேன்.

செப். 10. புதன்

படையல் என் முறை. கொண்டைக்கடலைச் சுண்டல். தேங்காய் சற்றுக் கூடுதல். தட்டு காலி. "வேதக்காரங்க சுண்டல்னு பிள்ளையாரு ஒதுக்கலயே!" என்றார் அக்கா.

கூ.பு. தலைகீழாகத் தொங்க வேண்டும், இடித்தால் சிறகு விரியாது என்றேன். மாலையைக் கழற்றாமல், அந்தக் காம்பை மட்டும் நூலால் பிள்ளையாரின் காகிதக் குடையில் தூக்கிக் கட்டினார். கெட்டிக்காரி.

செப். 13. சனி

கறுத்துவிட்டது. "செத்துப்போச்சா டீச்சர்?" இல்லை. தோல் கண்ணாடியாகி உள்ளே சிறகு தெரிகிறது. நாளைக் காலை கட்டாயம். நாளை ஞாயிறு, ஆறு மணிப் பூசை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

செப். 14. ஞாயிறு

பிரசங்கம் முடிந்திருந்தது. கோயில் வாசலில் பா. அக்கா, ஈரத்தலையில் துண்டு, காலில் செருப்பில்லை. இதுவரை அந்தப் பக்கமே வராதவர். "டீச்சர்! பிரம்மச்சாரிக்குப் பிள்ள பொறக்கப்போகுது, ஓடியாங்க!"

கோயிலே திரும்பியது. நன்மை அப்பம்கூட வாங்கவில்லை. ஓடினேன்.

காம்பவுண்டு முழுவதும் நடையில். தோல் கீறியது. முதலில் கால், பிறகு தலை, பிறகு நனைந்த ஒரு பொட்டலம். காலிக்கூட்டைப் பிடித்துத் தொங்கியது. துவைத்த சேலையை உதறி விரிப்பதுபோல் சிறகு மெல்ல இறங்கியது. ஆரஞ்சு. ஓரம் கறுப்பு, அதில் வெள்ளைத் திட்டு. பின்சிறகில் கறுப்புப் புள்ளி மூன்று: பெண். ஆணுக்கு நான்கு. ஒரு சொட்டுப் பழுப்புத் தண்ணீர் பிள்ளையார் வயிற்றில் விழுந்தது. யாரும் துடைக்கவில்லை.

ஒரு மணி நேரம். எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பிறகு சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

அழுதுவிட்டேன். "அழுங்க டீச்சர், நல்லதுக்குத்தானே" என்றார் அக்கா. ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். பிள்ளையாருக்கும் சொன்னேன்.

பூசையைப் பாதியில் விட்டது பாவம். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, செய்ததற்கு வருந்தும் மனஸ்தாபமும் வேண்டும். காலையிலிருந்து தேடிப் பார்க்கிறேன். துளியும் இல்லை.