காற்றை ஏமாற்றும் சட்டை

இன்று காலை கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. சென்ற ஆண்டு நான் வாங்கிய விண்ட்சீட்டர், காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, எனக்கு நிறைவளித்ததா என்று கேட்டிருந்தார்கள். ஐந்து நட்சத்திரங்கள் வெறுமையாக வரிசையில் நின்றன. கீழே ஒரு வரி: "உங்கள் அனுபவம் பிறருக்கு உதவும்." பொன்னேரி நீதிமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். இவ்வளவு பணிவாக யாரும் யாரிடமும் வாக்குமூலம் கேட்டு நான் பார்த்ததில்லை. வாயில் பற்பசை நுரையோடு குளியலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அந்தச் சட்டையை உனக்குக் கொடுத்தவன் நான்.

சர்க்கரைக்காக டாக்டர் என்னை ஓடச் சொன்னபோது துணைக்கு உன்னைத்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. பிறகு நீ ஏரிக்குப் போனாய், நான் கோப்புகளுக்குப் போனேன்.

"உன்னை யார்னா தொரத்தறாங்களா குமாஸ்தா?" என்று கேட்டாய்.

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு ஓடற?"

சர்க்கரையைச் சொன்னேன். நீ நம்பவில்லை. ஆனாலும் வலைக்குப் போகாத காலைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாய். நான் ஓட, நீ பக்கத்தில் மெதுவாக மிதிக்க, ஏரிப் பாலத்தின் மேல் கிழக்கே போவோம். நான் ஏதோ வேண்டுதலுக்காக ஓடுகிறேன் என்றும், ஏமாற்றாமல் இருக்க நீ காவலுக்கு வருகிறாய் என்றும் உங்கள் மீனவர் குப்பத்தில் பேசிக்கொண்டார்கள்.

மழைக்காலம் வந்தது. வியர்த்த உடம்பில் ஏரிக்காற்று பட்டுச் சளி பிடித்தது. அலுவலகத்தில் வேறு நாகலாபுரம் மலைக்குப் போகலாம் என்று கிளம்பினார்கள். ஓட்டத்துக்கும் மலையேற்றத்துக்கும் சேர்த்து ஒரே சட்டையாக வாங்கிவிட முடிவு செய்தேன். மூன்று வாரம் அதையே படித்தேன். கொலை வழக்குத் தீர்ப்பைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்க வேண்டும், வியர்வை வெளியேற முதுகில் வலைத்துணி வேண்டும், தூறலைத் தாங்க வேண்டும். கடைசியில் இரண்டு சட்டைகள் மிஞ்சின. ஒரே துணி, ஒரே வெட்டு. ஒன்றின் தலையை மூடும் தொப்பியில் இறுக்கிக் கட்டக் கயிறு இருந்தது, மற்றதில் இல்லை. கயிறில்லாதது பதினொரு கிராம் குறைவு. என் இடுப்பைச் சுற்றி எத்தனை கிலோ அதிகம் இருந்தது என்பதை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பதினொரு கிராமை மிச்சப்படுத்தினேன்.

பொட்டலம் வந்த அன்று அதை மீன் ஏலக்கூடத்துக்கே எடுத்து வந்து உன்னிடம் காட்டினேன்.

"இதுக்குப் பேரு இன்னா?"

"விண்ட்சீட்டர்."

"சீட்டரா? காத்தையே சீட்டிங் பண்றியா? உங்க கோர்ட்டுல இதுக்கு ஃபோர் ட்வென்ட்டி போட மாட்டாங்களா?"

பக்கத்தில் இறால் விற்ற அம்மாள் சொன்னாள்: "போடுவாங்கோ. காத்துக்கு யாரு வக்காலத்து போடறது?"

நீ அதைப் பிடுங்கி இறால் தராசில் வைத்தாய். நூற்றுப்பத்து கிராம். "இந்த எடைக்கு எறா வாங்கினா ஒரு ஆளுக்குக் கொழம்பு ஆவும்" என்றாய். முதுகு வலைத்துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "கண்ணு ரொம்ப சின்னது நைனா. குஞ்சு மீனு மாட்டும். ஆபீசர் பாத்தா பறிமுதல் பண்ணிடுவான்."

அடுத்த ஓட்டத்தில்தான் அதன் குணம் தெரிந்தது. கட்டக் கயிறில்லாத தொப்பி காற்றில் படபடவென்று காதுக்குள்ளேயே அடித்தது. நீ சைக்கிளில் இருந்து என்னவோ கத்தினாய். நான் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு "என்ன?" என்றேன்.

"உன் சட்டை ரொம்பப் பேசுது குமாஸ்தா. காத்து சொல்றது வுழாது."

"காத்து இன்னா சொல்லுது?"

"ரெண்டு காது எதுக்குக் கொடுத்துக்கீது? ஒண்ணு பொண்டாட்டிக்கு, ஒண்ணு காத்துக்கு. பொண்டாட்டி காத வேணா மூடிக்கோ."

பாலத்தில் கிழக்கே போகும்போது அந்தப் பருவத்தில் வாடை, அதாவது வடகாற்று, இடது காதில் படும். இடது காது சட்டென்று அமைதியாகி, காற்று முகத்தில் வந்து அறைந்தால் அது கொண்டல், கடலில் இருந்து வருவது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரத்தில் கொண்டல் எதிர்த்து அடித்தால் முகத்துவாரத்தில் அலை சுவராக நிற்கும். அப்போது அங்கே படகு இருக்கக் கூடாது. பொன்னேரி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல நீ இதைச் சொன்னாய். நாகலாபுரம் மலைக்கும் எங்களோடு வந்தாய். ஒவ்வொரு பாறையிலும் நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க காத்துக்குத் தெசையே இல்ல. போக்கிரிக் காத்து" என்று எரிச்சல்பட்டாய்.

உனக்கு இருமல் பிடித்துப் பத்து நாள் விடவில்லை. ஒரு சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை உன் தோளில் போட்டேன். விளம்பரத்தில் இருந்த வரியையே சொன்னேன்: "போட்டுக்கோ. காத்தே தெரியாது."

நீ என்னைப் பார்த்தாய். "காத்து தெரியலன்னா நான் இன்னா பண்றது?"

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் மனைவி, "அண்ணன் ஆசையா குடுக்குது, வாங்கிக்கோயேன்" என்றாள். வாங்கிக்கொண்டாய்.

மறுநாள் பதினோரு மணிக்கு நீதிமன்றத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. முகத்துவாரத்தில் உன் படகு கவிழ்ந்துவிட்டது. உன் மச்சான் தேசிங்கு நீந்திக் கரையேறிவிட்டான். நீ ஏறவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த வாய்தா தேதியை முழுதாக எழுதி முடித்தேன், மை உலரும்வரை பார்த்தேன், பேனாவுக்கு மூடி போட்டேன். அதிர்ச்சி வந்தால் மனிதன் கத்துவான் என்று அதுவரை நம்பியிருந்தேன். எனக்கு வந்தபோது பேனாவைத்தான் மூடி வைத்தேன்.

அன்று முதல் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தச் சட்டை உன் உடம்பில் இருந்ததா? காற்று திரும்பியது தெரியாமல் போனாயா? உன்னைக் கரைக்குக் கொண்டுவந்தபோது உன் மேல் அது இல்லை. அலை உருவியிருக்கலாம். தேசிங்குவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனும் என்னைக் கண்டால் வேறு சந்தில் திரும்பினான். நான்தான் உன்னைக் கொன்றேன் என்பது அவனுக்குத் தெரியும், மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்று அந்தச் செய்தி வந்த பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகக் குப்பத்துக்குப் போனேன். தேசிங்கு கரையில் உட்கார்ந்து வலைச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான்.

"தேசிங்கு, அன்னிக்கி உங்க மாமா அந்தச் சட்டையைப் போட்டிருந்தாரா?"

அவன் விரல்கள் நின்றன. "தெரிஞ்சி போச்சாண்ணா?"

"இன்னா தெரிஞ்சி போச்சு?"

"பாலம் தாண்டற வரைக்கும் மாமாதான் போட்டுகினு இருந்தாரு. அப்பாலிக்கா, காது செவுடான மாரி கீதுடான்னு கழட்டி எங்கிட்ட எறிஞ்சிட்டாரு. எனக்குக் குளுரு. போட்டுகினேன். தலையயும் மூடிகினேன்." அவன் வலையையே பார்த்துக்கொண்டு பேசினான். "நான் பின்னால மோட்டார்ல, அவரு முன்னால. அந்தத் தொப்பி காதுலயே அடிக்குது. மாமா திரும்பி என்னமோ கத்தறாரு. கைய ஆட்டறாரு. நேரா போன்னு சொல்றாருன்னு நெனச்சிகினேன்."

ஒரு முடிச்சை இழுத்து அவிழ்த்தான்.

"நேரா போனேண்ணா. சட்டைய தண்ணியிலயே கழட்டி வுட்டுட்டேன். அக்காகிட்ட இன்னும் சொல்லல."

ஆம் என்றால் என்ன செய்வது, இல்லை என்றால் என்ன செய்வது என்று பதினொரு மாதமாக இரண்டு பதில்களுக்குத் தயாராகியிருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. நீ சட்டையைக் கழற்றிவிட்டாய். கொண்டல் திரும்பியதை எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டாய். சொல்லவும் சொன்னாய். நீ சொன்னதற்கும் அவன் காதுக்கும் நடுவில் நின்றது நான் மூன்று வாரம் படித்துத் தேர்ந்தெடுத்த துணி. மணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கயிறு இல்ல தேசிங்கு."

"இன்னாண்ணா?"

"அந்தத் தொப்பிக்குக் கயிறு இல்ல. கயிறு வெச்சதும் கடையில இருந்துச்சி. இறுக்கிக் கட்டினா சத்தம் வராது. நான்தான் இல்லாததை எடுத்தேன். பதினோரு கிராம் கம்மின்னு."

"பதினோரு கிராமா?"

வலையின் அடியில் கோத்திருந்த ஈயக்குண்டுகளில் தளர்ந்த ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்து நிதானமாகத் தூக்கிப் பார்த்தான். "அது இவ்ளோதாண்ணா இருக்கும்" என்று என் கையில் வைத்தான்.

பிறகு இருவரும் உன் வீட்டுக்குப் போனோம். முதலில் அவன் சொன்னான், பிறகு நான். உன் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அழுவாள் என்று பயந்தேன். "பதினோரு மாசம் ஆளுக்கொண்ண வயித்துல வெச்சிகினு எப்டித்தான் சோறு துண்ணீங்களோ" என்று திட்டினாள். பிறகு தம்பியின் தலையை இழுத்து, இரண்டு காதுகளையும் தன் கைகளால் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாலையில் அந்தக் கடைக்குப் பதில் எழுதினேன்: "மிகவும் இலகுவானது. காற்று தெரியாது. தொப்பியில் கயிறு உள்ளதை வாங்கவும்." நட்சத்திரம் தராமல் அனுப்ப முடியாது என்றது கைபேசி. ஒன்று கொடுத்தேன்.

பிறகு பாலத்தில் கிழக்கே ஓடினேன், பருத்திச் சட்டையோடு, இரண்டு காதும் திறந்து. பாதிப் பாலத்தில் இடது காது சட்டென்று அமைதியானது. நின்றேன். காற்று முகத்தில் வந்தது. "கொண்டல். திருப்பு" என்று சத்தமாகச் சொன்னேன். கீழே படகு எதுவும் இல்லை. மேற்கே திரும்பி வீடுவரை ஓடினேன். ஈயம் சட்டைப்பையில் இருந்தது. பதினொரு கிராம் ஓடும்போது நன்றாகத் தெரிகிறது.