அளவு ஜாக்கெட்

கொழும்பு,
2024 ஜூன் 9

அன்புள்ள தங்கச்சி கேஷானிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம். நீ நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் போன் எடுத்தால் கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாதே!

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நீ மயங்கி விழுந்ததைச் சொல்லி அம்மா நேற்று போனில் அழுதார். மூன்று வாரமாக உனக்கு ராத்திரிச் சோறு இல்லையாம், வெறுந்தேத்தண்ணியாம். அதட்டிக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. கூறைச்சேலைக்கு ஜாக்கெட் தைக்க மாப்பிள்ளையின் அக்கா கலைச்செல்வி அளவு கேட்டாராம். நீ உன்னுடையதைக் கொடுக்காமல், பக்கத்து லயத்து வீட்டு ஒல்லிக்குச்சி நிரோஷாவின் ஜாக்கெட்டை அனுப்பியிருக்கிறாய். ஆவணியில் கல்யாணம் வருவதற்குள் அந்த அளவில் நுழைய உடம்பை வற்ற வைக்கிறாயாம்.

உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மாப்பிள்ளை உதயராஜ் உன்னை நேரில் பார்த்துத்தானே சம்மதம் சொன்னார்? இதை உன் தலையில் ஏற்றியது யார்? கலைச்செல்வியா? அப்படியென்றால் எழுது. குருவிட்டையில் அவர் வீட்டுக்கே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கிறேன்.

உன் அக்கா,
பிரேமலதா

நிவித்திகல,
2024 ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குச் சுகம்.

கலைச்செல்வி மதினி மேல் பாய வேண்டாம். "சாப்பிட்டியாம்மா" என்பதைத் தவிர அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. என் தலையில் ஏற்றியது நீங்கள்தான்.

உடுப்புக் கடை வேலைக்குப் போன நாளிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி உடுப்பு அனுப்புகிறீர்கள். ஒன்றாவது என் அளவா? "இப்ப இதுதான் பேஷன், கொஞ்சம் மெலிஞ்சா உனக்கு எடுப்பா இருக்கும்டி" என்று ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டு. பெட்டி நிறைய உடுப்பு இருக்கிறது, போட ஒன்றுமில்லை.

உங்கள் கல்யாணத்துக்கு ஆசையாகக் குட்டைக் கை ஜாக்கெட் போட்டு வந்தேன். போட்டோக்காரர் முன்னாலேயே என்ன சொன்னீர்கள்? "ஐயோ, கையைப் பாரு, ஆம்பளைக் கை மாதிரி. சால்வையைப் போட்டு மூடிக்கிட்டுப் பின்னால போய் நில்லு." ஆல்பத்தில் என் தலை மட்டும்தான் தெரிகிறது.

அப்பா போன பிறகு கொழுந்துச் சாக்கைத் தூக்கி மலை ஏறி இறங்கியதில் வந்த கை அக்கா இது. நீங்கள் அப்படிச் சொன்ன நாளிலிருந்து குளிக்கும்போதுகூட நான் அதைப் பார்ப்பதில்லை. மணவறையில் உதயராஜ் பார்ப்பாரே என்று நான் பயப்படவில்லை. நீங்கள் பார்ப்பீர்களே என்றுதான் பட்டினி கிடந்தேன்.

கேஷானி

கொழும்பு,
2024 ஜூன் 23

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்லதுக்குச் சொன்னதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இப்படி வெட்டுகிறாயே! கடையில் நான் படுவது உனக்குத் தெரியாது. கடைப் பொம்மைக்குப் போட்ட மாதிரியே எங்களுக்கும் உடுப்பு நிற்க வேண்டும் என்கிறார் முதலாளி. பொழுதுபட்டால் எனக்கும் சோறு கிடையாது. நான் தாங்கவில்லையா?

சரி, கோபத்தை விடு. இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற பெல்ட் ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். உள்ளே போட்டால் ஒருவருக்கும் தெரியாது. கைக்கு முழங்கை வரை நெட் வைத்து மறைத்துவிடலாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து நானே சேலை கட்டி உன்னைச் சோடிக்கிறேன். போட்டோவில் ஆளே மாறித் தெரிவாய், பாரேன்.

உன் அக்கா,
பிரேமலதா

நிவித்திகல,
2024 ஜூலை 7

அக்காவுக்கு,

பார்சல் கிடைத்தது. பெல்ட்டைத் திருப்பி அனுப்புகிறேன். நான் ஆள் மாறப் போவதில்லை.

போன ஞாயிறு குருவிட்டைக்குப் போய் மதினியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அடிப்பாவி, என் கல்யாணத்துல நானும் மூச்சு விட முடியாமத்தான் நின்னேன். தாலி ஏறினதுகூட ஞாபகமில்ல" என்றார். அங்கேயே என்னை நிறுத்தி அளவெடுத்தார். கை குட்டையாகவே வைக்கச் சொன்னேன். அன்றைக்கு அவர் வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்களும் ராத்திரிக்கு ஒரு வாய் சாப்பிட வேண்டுமாம், அம்மா சொல்லச் சொன்னார்.

கல்யாணத்துக்கு அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள், ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நில்லுங்கள். என்னைச் சோடிக்க மட்டும் வர வேண்டாம். என் உடம்பில் இனி உங்கள் கை படக் கூடாது.

கேஷானி