சாரோன் வீட்டில் நால்வர்

போ க்ரவான் கிராமம்
2 அக்டோபர் 1995

செவிலி ரஸ்மெய்க்கு,

உங்கள் நிவாரண அலுவலகம் என்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டது. அதைக் காட்டி எங்கள் ஊருக்கு வரும் மருத்துவ வண்டியையும் நிறுத்திவிட்டது. இரண்டும் அநியாயம்.

மேற்பார்வையாளர் வுத்தி, கொசுவலைக்காக நான் வீடுவீடாக ஆள்கணக்கு எழுதிய ஏட்டை வைத்துக்கொண்டு தலை எண்ண வந்தார். என் வீட்டில் நால்வர் என்றிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, நான் ஒருவனே இருப்பதைக் கண்டு, "என்ன தாத்தா, பேய்க்கெல்லாம் கொசுவலை வாங்கியிருக்கீங்க!" என்று சிரித்தார்.

"பேயா? நாளைக்கே வந்து நின்னா, கொசு உன்னைக் கேட்டுட்டா கடிக்கும்?" என்றேன்.

பதினெட்டு வருடத்துக்கு முன் அப்போதைய ஆட்சியின் படையினர் என் மனைவியையும் இரு மகன்களையும் கால்வாய் வெட்ட ஓட்டிப் போனார்கள். இறந்ததைக் கண்டவர் இல்லை. போன வாரம் மூதாதையர் பண்டிகையில் என் தகப்பனுக்கு, இறந்தவர்களுக்கு வைக்கும் சோற்றுருண்டையை வைத்தேன், இவர்களுக்கு வைக்கவில்லை. ஊரில் பதினொரு வீடுகளில் திரும்பாதவர்களை இப்படித்தான் எழுதியிருக்கிறேன். சோற்றுருண்டை வைக்காத ஒருவரை இறந்தவர் என்று எப்படி எழுதுவேன்?

பக்கத்து வீட்டுச் சாவன்னிக்கு எட்டாம் மாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். வண்டியை அனுப்பு.

சாரோன்
சுகாதாரத் தொண்டர்

பட்டம்பாங்
6 அக்டோபர் 1995

அன்புள்ள தாத்தா,

மழைக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்களைப் பொய்யர் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் ஏடு சரியாகாமல் வண்டிக்கு அனுமதி கிடைக்காது. இருப்பவர்களை மட்டும் எழுதி, தொண்டர் கையெழுத்திட்டு அனுப்புங்கள், மறுநாளே வருகிறேன்.

மூன்று பெயர்கள்தானே, தாத்தா. திரும்பி வராத என் அக்காவின் பெயரை நானும் எங்கள் வீட்டு ஏட்டில் அடித்தேன். ஒரு கோடு, அவ்வளவுதான்.

உங்கள்
ரஸ்மெய்

போ க்ரவான்
9 அக்டோபர் 1995

மகளே,

உன் அக்கா பெயரை அடித்தது உன் பாடு. நான் அடிக்கமாட்டேன்.

நேற்று ஏட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாவன்னியின் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. என் பிடிவாதத்துக்கு அவள் நடுங்க வேண்டியதில்லை. தொண்டர் வேலையை விட்டுவிட்டேன்.

இனி நடக்க வேண்டியவை. பள்ளி ஆசிரியை நாரின் புதிய தொண்டர், ஒப்புக்கொண்டாள். பதினொரு வீடுகளையும் அவளே எண்ணிக் கையெழுத்திடட்டும். வியாழனுக்குள் நீ காய்ச்சல் மருந்தோடு வர வேண்டும். பாலம் போய்விட்டது, ஓட்டுநர் புத்த விகாரைப் பக்கமாக வரட்டும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை தாண்டி இறங்க வேண்டாம். சாவன்னியின் புருஷன் அவளை விகாரை வாசலுக்குத் தூக்கி வருவான்.

என் வீட்டில் கண்ணில் பட்ட ஆளை நாரின் எழுதிக்கொள்ளட்டும். எத்தனை பேர் என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அதை நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

சாரோன்