வேண்டுமென்றே அவுட்

மே 11, 1996. சனி இரவு.

மத்தியானம் புவாண்ட்-கிளேர் மைதானத்தில் குடித்த வெயில் இன்னும் தலையை இடிக்கிறது. மகன் குமரன் கல்லூரி அணிக்காகப் பேஸ்பால் ஆடினான். பந்தை ஓங்கி அடிக்காமல் மெல்லத் தட்டிவிட்டு அவுட் ஆனான். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பிள்ளையைப் பரிகசிக்கிறார்கள் என்று நானும் எழுந்து தமிழிலேயே ஏசினேன். குமரன் தலையைக் குனிந்துகொண்டான்.

காரில் சொன்னான்: "அப்பா, எங்கடை அணியிலை ஏற்கெனவே நிண்ட மற்றவன் அடுத்த தளத்துக்கு ஓடுறதுக்காக நான் வேணுமெண்டுதான் அவுட் ஆனனான். அதுக்குத்தான் கைதட்டினவை. இனி நீங்கள் வராதேங்கோ."

"அவுட் எண்டால் அவுட்தான். கிரிக்கெட்டிலை உதுக்கு ஆரும் கைதட்டமாட்டினம்," என்றேன். பேஸ்பால் விதிப் புத்தகத்தை நானாகவே வாசித்துப் படித்தவன் நான். வீடு வந்ததும் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். சாப்பிடவும் வரவில்லை.

அடுத்த சனியும் போவேன். கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருப்பேன். ஆனால் அவன் அவுட் ஆனால் கைதட்டமாட்டேன்.