தூங்கும் அறையில் ஒரு நாற்காலி

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் முட்டிவலி மட்டும் சொந்த வீடு மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. நீ கேட்டதற்கு வருகிறேன். நம் பிரார்த்தனைக் கூடத்தில் குழந்தைகளுக்கு எதையோ கொடுத்து மயக்குகிறார்கள் என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை. நம் கூடத்துப் பிள்ளைகள் ஒரு நிமிஷம் சும்மா உட்காராதுகள், எங்கே மயக்குவது என்று முதலில் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை. காப்பகத்தில் மதியம் குழந்தைகளைத் தூங்க வைப்பது என் வேலை அல்லவா, கூடத்துக்குப் போகிறவள் என்று அங்கே என்னையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பொய் எனக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு குழந்தை அசந்து தூங்கினால் பயமாக இருக்கிறது. மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். சில சமயம் எழுப்பிவிடுகிறேன். அது அழுதால்தான் நிம்மதி.

அதனால் தூங்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றேன். நேற்று சுருட்டைமுடிப் பையனின் அம்மா வந்தாள். பேச்சைக் கிளப்பியவளே அவள்தான். இரவு வேலை முடிந்து படுக்காமல் வந்து வீம்பாக உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். திரையை இழுத்துவிட்டேன், குழந்தைகள் ஒவ்வொன்றாகக் கண் சொருகின. திரும்பினால் அவளும் தூங்கியிருந்தாள். தலை சரிந்து, வாய் திறந்து. அவள் பையன் மட்டும் விழித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுப்பப் போனேன். ஆனால் அந்தக் களைத்த முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவள் விழித்தாள். காலி டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு என்ன குடுத்தீங்க?"

விடுமுறை நாளில் தான் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று பையனுக்கு இருமல் மருந்து கொடுத்ததை அவள் ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதது உனக்குத் தெரியும். அன்றே நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டாள். அவள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த மருந்து விஷயத்தை ஊரறியப் போனில் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உண்மைதானே என்பாய். உண்மைதான். அந்த நிமிஷம் அது என் நாக்கு நுனியில் இருந்தது, வாசலில் கேட்க ஆளும் இருந்தது.

"தண்ணிதான்மா. ராத்திரி முழுக்க முழிச்சிருந்தீங்க, அதான் அசந்துட்டீங்க" என்றேன்.

நம்பினாளா தெரியாது. பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்று அவன் வரவில்லை. அவன் மெத்தையை விரித்துத்தான் வைத்தேன், மதியம் முழுக்க அது அப்படியே கிடந்தது.

நீ அதைப் போடாதே. கூடத்தைப் பற்றிக் கேட்டால் கூடத்தைப் பற்றி மட்டும் சொல். வேளைக்குச் சாப்பிடு, போனைப் பார்த்தே விடிய வைக்காதே. பயமில்லாத மனசோடு நீ நெடுநாள் வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா